வயல் இல்லாதார் கண்ட தங்கவயல்
(ஒரு சுரங்க ஊர் தோன்றிய வரலாறும் பெயர் பெற்ற வரலாறும்)

ஓர் ஊரின் பெயரே அவ்வூர் வரலாற்றின் முதல் ஏடு ஆகும். அவ்வேட்டில் எழுதப்பட்டிருப்பது எது என்று பார்ப்பது போலவே, எழுதப்படாமல் விடப்பட்டது எது என்று பார்ப்பதும் வரலாறு கற்போரின் கடமையாகும். நம் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பெய்த மழையில் நனையாதவாறு இறைவன் நெல்லுக்கு வேலியிட்டுக் காத்ததால் திருநெல்வேலி ஆயிற்று என்பது தலபுராணம் கூறும் செய்தி. நெல் அப்பெயரில் உண்டு, வேலி உண்டு, காத்த இறைவனும் உண்டு. அந்நெல்லை நாற்றுவிட்டு நட்டவர் யார், களை பறித்தவர் யார், அறுத்துக் களம் சேர்த்தவர் யார் என்ற வினாவுக்கு மட்டும் அப்பெயரில் விடை இல்லை. தாமிரபரணியின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக அவ்வேலையைச் செய்த மக்களின் வழிவந்தோர் நாம். ஆகவே பெயர்களைப் பற்றி ஆராயும் உரிமை மற்றெவரையும்விட நமக்கு மிகுதியாக உண்டு.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதக் கிடைத்த இவ்வாய்ப்பில், நம் மக்களின் கைகளாலேயே எழுந்து, பிறர் இட்ட பெயர்களைத் தாங்கி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த ஓர் ஊரின் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றேன். அவ்வூர் இன்றைய கர்நாடக மாநிலத்தில் உள்ள கோலார் தங்கவயல். பொருநை நாட்டார்க்கும் பாலாற்றுக்கு அப்பால் உள்ள சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இரத்தத் தொடர்பு சிலருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் பாடத் தொடர்பு நம் அனைவருக்கும் உண்டு.

பழைய குழிகள்

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளந்து வரையறுக்கும் பணி ஆங்கிலேயரால் மேற்கொள்ளப்பட்டது. 1802இல் அந்நாட்டின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, உரிகம், மாரிகுப்பம் ஆகிய சிற்றூர்களின் அருகே மண்ணில் பொன் கிடைக்கிறது என்று கேள்வியுற்றார். பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்பே நீரில் அலசி, அடியில் தங்கிய பொற்பொடியைக் காட்டினர். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு குன்றிமணி எடைக்கும் குறைந்த பொன்னே கிடைத்தது என்பது அவர் கண்ட கணக்கு.

இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாரிகுப்பத்தில் குழிகளின் பக்கங்களில் கால் வைப்பதற்குச் சிறு பொந்துகள் வெட்டி, அவற்றைப் பற்றி இறங்கிப் பொற்கல்லைப் பெயர்த்தெடுத்து வந்தவர் பறையர் என்றே அக்காலக் குறிப்பு கூறுகின்றது. அக்கற்களைப் பாறைமேல் இட்டு இடித்துப் பொடியாக்கியவர் பெண்கள். பிற்காலத்தில் கம்பெனிகள் சுரங்கம் தோண்டியபோது, பழங்காலத்தவர் இருநூறு அடிக்கும் மேலாகத் தோண்டிச் சென்றிருந்த குழிகள் வெளிப்பட்டன. எனவே ‘தங்கவயலைக் கண்டுபிடித்தவர்’ என்று எந்த வெள்ளையர் பெயரைச் சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. அவர்கள் கண்டுபிடித்தது பொன்னை அன்று. பொன்னை முன்பே அறிந்திருந்த மக்களையே அவர்கள் கண்டுபிடித்தனர். அம்மக்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. சாதிப் பெயர் மட்டும் எழுதப்பட்டது.

நிலக்கரிக்குக் கிடைத்த அனுமதி

வாரனின் குறிப்பு எழுபது ஆண்டுகள் ஏட்டில் உறங்கிற்று. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் அதனைப் படித்தார். 1871இல் மாட்டுவண்டியில் அப்பகுதிக்குச் சென்று சுற்றிப் பார்த்தார். 1873இல் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட அனுமதி வேண்டினார். அங்கே பொன் எடுத்துக் கட்டாது என்று கருதிய அதிகாரிகள், வேண்டுமானால் நிலக்கரி தோண்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தனர். லவெல் விடவில்லை, பொன்னுக்கே உரிமை வேண்டும் என்று வற்புறுத்தி, 1875ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் இருபதாண்டுக் குத்தகை பெற்றார். அரசு அலுவலகத்தின் தாளளவிலேனும் நிலக்கரி ஊராகத் தொடங்கவிருந்த ஊர், இவ்வாறு பொன் ஊராயிற்று.

ஆனால் லவெலிடம் போதிய முதல் இல்லை. உரிமை கைமாறிக் கைமாறி, 1880ஆம் ஆண்டை ஒட்டி லண்டன் நகரத்து ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் சுரங்க மேலாண்மை நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. தொடக்கத்தில் போட்ட பணம் கரைந்ததே தவிரப் பொன் கிட்டவில்லை. இறுதியில் 1883, 1884 ஆண்டுகளில் வளம் மிக்க பொற்படிவு ஒன்று மைசூர் சுரங்கத்தில் அகப்பட்டது. அதற்குச் ‘சாம்பியன்’ எனப் பெயரிட்டனர். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று கம்பெனிகள் அடுத்தடுத்து வளர்ந்தன. பெங்களூரில் இன்றும் ஒரு சாலை லவெல் பெயரால் வழங்குகின்றது.

ஊர் எழுந்தது, பெயர் எழுந்தது

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ஏறத்தாழ பத்து மைல் தொலைவுக்கு இருப்புப் பாதை போடப்பட்டது. 1902ஆம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பி வழியே வந்து சுரங்க இயந்திரங்களை ஓட்டிற்று. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தடங்களுள் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின் விளக்கு வந்தது 1905இல்தான். பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே சுரங்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவ்விடத்தில் வாழ்ந்தோர் 38,000 பேருக்கு மேல். இருபதாண்டுகளுக்கு முன் புதர்க்காடாகக் கிடந்த நிலம் அது.

இனி, பெயர்களை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதல் வகை, ஆட்சியாளர் பெயர். சுரங்கத்தை அடுத்துத் திட்டமிட்டு அமைத்த புதிய ஊர்ப்பகுதிக்கு, 1896 முதல் 1903 வரை மைசூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரால் ‘ராபர்ட்சன்பேட்டை’ என்று பெயரிட்டனர். இரயில் சந்திப்பின் பெயரான பௌரிங்பேட்டையும், 1860களில் மைசூரின் ஆணையராக இருந்த லெவின் பௌரிங் என்பவரின் பெயரே.

இரண்டாம் வகை, முதலாளியின் பெயர். சாம்பியன் ரீஃப், கோரமண்டல் முதலியன லண்டனில் பங்குப் பத்திரம் விற்பதற்கு ஏற்ற பெயர்கள். பங்கு வாங்கியவர்களில் பலர் அவ்வூரைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் அவர்களுக்காக இட்ட பெயரே தெருவின் பெயராயிற்று, அஞ்சல் நிலையத்தின் பெயராயிற்று, குழந்தை பிறந்த ஊரின் பெயராயிற்று.

மூன்றாம் வகை, மண்ணின் பெயர். மாரிகுப்பம், உரிகம் ஆகியவை சுரங்கம் வருவதற்கு முன்பே இருந்தவை. கம்பெனியார் எழுத்துக்கூட்டலை மாற்றினர். பெயரை அழிக்க இயலவில்லை. பௌரிங்பேட்டையும் பின்னாளில் பங்காரப்பேட்டை ஆயிற்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘பங்காரம்’ என்றால் பொன். அதிகாரியின் பெயர் உதிர்ந்தது. உழைத்தெடுத்த பொருளின் பெயர் நின்றது.

நான்காம் வகை ஒன்று உண்டு. அதுவே நம் சிந்தைக்கு உரியது. கம்பெனியார் ஆங்கிலத்தில் பொன் வெளி என்று பொதுவாக வழங்கியதைத் தமிழர் ‘தங்கவயல்’ என்றனர். வயல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எந்த ஏடும் கூறவில்லை. நெல் விளையும் நிலத்தைத்தான் தமிழர் வயல் என்பர். பாறையும் தூசியும் நிறைந்த அவ்விடத்தில் ஒரு பிடி நெல் விளைந்ததில்லை. ஆனால் அங்குச் சென்ற மக்கள் பிறர் வயலில் பிறந்து, பிறர் வயலில் உழைத்து, தமக்கென ஒரு வரப்பும் இல்லாமல் வந்தவர்கள். அவர்கள் நாவில் அந்த இடம் ‘வயல்’ என்றே நிலைத்துவிட்டது. வயல் இல்லாதார் குடியேறிய வயல் அது.

வந்தவர் யார்?

1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் தென்னகத்தை உலுக்கியது. அப்பஞ்சத்தில் முதலில் மடிந்தவர் நிலமற்ற கூலிகளே. அந்நினைவு ஆறுமுன்னரே சுரங்கம் ஆள் தேடிற்று. வட ஆர்க்காடு, சேலம், செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்து தமிழரும், சித்தூர்ப் பகுதியிலிருந்து தெலுங்கரும் திரண்டு வந்தனர். நிலத்தடியில் இறங்கியோரில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, பேத்தமங்கலத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என இறங்கி வருகிறது. ஆறு இறங்கிவரும் திசைக்கு எதிராக மக்கள் ஏறிச் சென்றனர் எனலாம்.

அதே காலத்தில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதன்மேல் 1892இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. நிலம் கொடுக்கவேண்டும் என்று அரசுத் தாள் பேசத் தொடங்கிய அதே ஆண்டுகளில், நிலம் கிடைக்கும்வரை காத்திராமல் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தின் அடிக்கே இறங்கிவிட்டனர்.

ஏன் சென்றனர்? கூலி பணமாகக் கிடைத்தது, படியளவில் அன்று. பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் தீட்டுப் பார்க்க இடமில்லை. இவை சிறிய விடுதலைகள் என்று எண்ணற்க. ஆயினும் அங்கும் ஏணிப்படி இருந்தது. மேல்படியில் ஆங்கிலேயரும், கார்ன்வால் நாட்டுச் சுரங்கக்காரரும், இத்தாலியரும், இடைப்படியில் ஆங்கிலோ இந்தியர், அடிப்படியில் நம்மவர். துரைமார்க்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, தொழிலாளர்க்கு மூங்கில் தட்டி வைத்த ‘லைன்’ வீடு. ஊரில் சேரி என்ற பெயரை விட்டு வந்தவர்களுக்கு இங்கே கூலி லைன் என்ற பெயர் காத்திருந்தது.

நிலத்தின் அடியில்

சுரங்கம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாயிற்று. இறுதியில் 10,000 அடியையும் கடந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். மேலிருந்து அழுத்தும் பாறையின் பளுவால், குடைந்த இடங்கள் திடீரென வெடித்துச் சரிவதுண்டு. தொழிலாளர் அதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று வழங்கினர். நிலத்தின் மேல் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும்போதே, கீழே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். உயிர் பிழைத்தோரையும் பாறைத் தூசி விடவில்லை. நுரையீரலில் கல் தூசி படிந்து மூச்சடைக்கும் நோய் பற்றி இந்தியாவில் நடந்த தொடக்ககால ஆய்வுகள் தங்கவயல் தொழிலாளரிடமே நடந்தன.

வேலை முடித்து மேலே வருவோர் பொன்னை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடையைக் களைந்து சோதிக்கப்பட்டனர். பொன் எடுத்தவனே பொன் திருடன் என்ற ஐயத்துக்கு நாள்தோறும் ஆளானான்.

எழுத்தின் ஆழம்

இத்தனை இன்னல்களுக்கிடையே அம்மக்கள் செய்த ஒரு செயலே, கல்விச் சங்கம் நடத்தும் நாம் தலைவணங்கிக் கற்கவேண்டியதாகும். பண்டித அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. அவ்வியக்கத்தின் மிக உறுதியான கிளைகளுள் ஒன்று மாரிகுப்பத்தில் அமைந்தது. சுரங்கத்தில் கல் உடைத்த கைகள் காசு சேர்த்து நூல்கள் அச்சிட உதவின. 1914இல் பண்டிதர் மறைந்தபின், நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்ட நூல்கள் தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றன.

சிந்தித்துப் பாருங்கள். அவர்களுள் பலர் பள்ளிக்கூடத்தை முழுமையாகக் கண்டவர் அல்லர். ஆனால் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்து கேட்டு, தம் முன்னோர் யார் என்ற வினாவுக்குத் தாமே விடை தேடினர். பிறர் இட்ட ஊர்ப்பெயர்களை அவர்களால் மாற்ற இயலவில்லை. பிறர் இட்ட சாதி இழிபெயரை ஏற்க மறுக்க அவர்களால் இயன்றது. ‘பூர்வ பௌத்தர்’ என்றும் ‘ஆதித்தமிழர்’ என்றும் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட அவ்வியக்கம் தங்கவயலில் வேர்கொண்டது தற்செயலன்று. கூலி பணமாகக் கிடைத்த இடத்தில் அச்சு எழுத்தும் கிடைத்தது. பண்ணையார் இல்லாத இடத்தில் சிந்தனையும் தழைத்தது.

கைரேகை மறுத்த கைகள்

அச்சிந்தனை வீண்போகவில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்யும் முறையைக் கம்பெனியார் கொண்டுவர முயன்றனர். குற்றவாளியிடம் எடுப்பதை உழைப்பாளியிடம் எடுப்பதா என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். பெயர்பெற்ற சங்கம் எதுவும் வழிநடத்தாத நிலையிலும், ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்து நின்றனர். அப்போராட்டத்தை மூட்டியது தன்மானம்.

1940களில் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கரின் வழியில் வந்த இந்தியக் குடியரசுக் கட்சியின் சார்பில் சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய தொகுதி என்ற சிறப்பும் தங்கவயலுக்கு உண்டு.

மூடிய கதவு

1956இல் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. தொடக்க நாளில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. ஆழம் கூடக்கூடச் செலவும் கூடிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன். ஊரில் எஞ்சியது, பொன் பிரித்தபின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண். மக்கள் அதனைச் சயனைடு மேடு என்பர்.

சுரங்கம் மூடியபின் அம்மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? விடியலுக்கு முன்பே இரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். பொன்னுக்காகப் போட்ட இருப்புப் பாதை இன்று அவர்களின் பிழைப்புப் பாதை. அவர்களுள் படித்தோர் அலுவலகங்களில் அமர்கின்றனர்; படிப்பை இடையில் விட்டோர் தினக்கூலிக்கு நிற்கின்றனர். தந்தையர் இருவரும் ஒரே சுரங்கத்தில் ஒரே கூண்டில் இறங்கியவர்கள். பிள்ளைகளைப் பிரித்தது பள்ளிக்கூடம் ஒன்றே.

நெய்வேலியும் மாஞ்சோலையும்

இவ்வரலாறு தங்கவயலோடு முடிவதன்று. நிலக்கரி ஊர் என்று தமிழ்நாட்டில் நாம் சுட்டத்தக்கது நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது என்பர். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே திங்களில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அங்கு நிலம் கொடுத்தவரின் பெயர் மறக்கப்படவில்லை. பழைய சிற்றூரின் பெயரே நகரத்தின் பெயராயிற்று. புதிய குடியிருப்புகளுக்கு வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என எண்கள் கிடைத்தன. அரசு நிறுவனமானதால் இடஒதுக்கீடு கிடைத்தது. அதனால் நம் மக்களில் ஒரு பகுதியினர் நிரந்தர ஊழியராயினர். வயலும் குடிசையும் இழந்து அகன்ற சிற்றூர்க் கூலிகளின் பெயர்களை எந்த வட்டத்திலும் காண இயலாது.

நம் மாவட்டத்திலேயே மாஞ்சோலை உண்டு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் அங்கே தேயிலைத் தோட்டம் அமைத்தது. காட்டை வெட்டித் திருத்திய உழைப்பாளரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களே. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ராபர்ட்சனும் சாம்பியனும் அங்கில்லை. எளிய மக்களின் நாவில் பிறந்த சொற்களே ஊர்ப்பெயர்களாய் உள்ளன. ஆயினும் பெயர் தமதாக இருந்தும் நிலம் தமதாகவில்லை. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அத்தொழிலாளர்க்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தின்மேல் தடியடி நடத்தப்பட்டபோது 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. 2028இல் குத்தகை முடியும் முன்னரே, 2024இல் தோட்டத்தை மூடும் ஏற்பாடு தொடங்கிற்று. நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டை விட்டு இறங்கும் நிலை தொழிலாளர்க்கு வந்தது. தங்கவயலுக்கு 2001இல் நேர்ந்தது நம் மலைமேல் 2024இல் நேர்ந்தது.

நாம் செய்யவேண்டியது

இவ்வூர்களின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. நிலத்தடிப் பொருளும், குத்தகை நிலமும், முதலாளியின் தயவும் ஒருநாள் தீர்ந்துபோகும். அன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கவேண்டியது கல்வி. இது முதற்பாடம். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பும், நோட்டுப் புத்தகமும், தேர்வுக் கட்டணமும் என்று செய்துவரும் பணி இதற்காகவே.

இரண்டாம் பாடம், நம் பெயர்களை நாமே எழுதி வைக்கவேண்டும் என்பது. பெரிய மனிதர்களின் பெயர்களைக் கல்வெட்டு காக்கும், சாலை காக்கும், பேட்டை காக்கும். நம் முன்னோரின் பெயர்களை எது காக்கும்? ஆசிரியன் என்ற முறையில் ஒரு வழி கூறுகின்றேன். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு உண்டு. மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர், தொழில், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் ஆகியவை அதில் உள்ளன. பழைய பதிவேடுகளில் ‘வேலைக்குச் சென்றமையால்’ என்ற ஒரு வரி எத்தனை குழந்தைகளின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதுவே நம் சமூகத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் நில வரித்திட்டப் பதிவேடுகள் உண்டு. எந்த நிலம் எவர் பெயரில் இருந்தது, பஞ்சமி நிலம் எங்கே இருந்தது, இன்று எவர் கையில் உள்ளது என்பதை அவை கூறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் எண்பது வயது கடந்த பாட்டிமார் உண்டு. எந்த வாய்க்காலை யார் வெட்டினர், எந்தக் குளக்கரையில் மண் சுமந்தோர் யார், கொழும்புக்கும் பினாங்குக்கும் தோட்ட வேலைக்குப் போனவர் யார் என்பதை அவர்கள் பெயர் சொல்லிக் கூறுவர்.

இளைஞர்களே, விடுமுறை நாள்களில் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் முன் அமருங்கள். நம் தெருவில் எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த வேலைக்கு எங்கே சென்றது, முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யார், முதன்முதல் பள்ளி சென்ற பெண் யார் என்று எழுதுங்கள். வயதையும் ஆண்டையும் கேட்டுச் சரிபாருங்கள். கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் நூலகத்தில் அதற்கென ஒரு பேரேடு வைக்கும்படி நிருவாகக் குழுவினரை இம்மலரின் வாயிலாக வேண்டுகின்றேன். பொன்விழா மலரை வெளியிடப்போகிறவர்கள் இன்று நம் மாலை வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரே. அவர்கள் வரலாறு எழுத உட்காரும்போது, சாதிப் பெயர் மட்டும் உள்ள ஏட்டை நாம் அவர்களுக்கு விட்டுச் செல்லலாகாது. மனிதர்களின் பெயர்கள் உள்ள ஏட்டை விட்டுச் செல்லவேண்டும்.